குதிரை மாடு இல்லை: முதன்முதலாக மட்டக்குதிரை வளர்ப்பவர்களுக்கு

நன்றாகப் பராமரிக்கப்படும் மட்டக்குதிரை 25 முதல் 30 வருடங்கள் வரை உயிர்வாழும். ஐந்து வயதுப் பிள்ளையின் ஆசைக்காக இன்று 8 வயதுக் குதிரை ஒன்றை வாங்குகிறவர், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகும் காலத்திலும் அதற்குப் புல் வெட்டிக்கொண்டிருப்பார். விலை பேசும்போது பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கடந்த சில வருடங்களாக என்னிடம் குதிரை பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமா, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடலாமா, வெளிநாட்டிலிருந்து மாமா காசு அனுப்புகிறார் பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நுண்கடன் எடுத்தாவது ஒன்று வாங்க யோசிப்பதாக ஒரு இளைஞர் சொன்னார். அவர்களுக்குக் கொடுக்கத் தமிழில் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. குதிரை வைத்திருப்பவர்களிடமும் மிருக வைத்தியர்களிடமும் கேட்டு, வாசித்துச் சரிபார்த்துத் தொகுத்ததே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களில் பெரும்பாலானோருக்கு மாடும் ஆடும் தெரியும். வளவில் மாடு நின்ற வீட்டில் வளர்ந்தவர், குதிரையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. விடிய எழும்புவது, கொட்டில் கூட்டுவது, விலங்கின் முகத்தைப் பார்த்து வருத்தத்தைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றில் அந்த அனுபவம் பெரிதும் உதவும். ஆனால் தீனிலும் மருந்திலும் கட்டுவதிலும் மாட்டுக்குச் செய்வதை அப்படியே குதிரைக்குச் செய்தால் அது செத்துப்போகலாம்.

நெடுந்தீவில் பார்க்கவேண்டியது

மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டி அல்ல. முழுதாக வளர்ந்த பின்னரும் தோள் உயரம் ஏறத்தாழ 147 சென்ரிமீற்றருக்கு மேற்படாத குதிரை இனங்களை அப்படி அழைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த மட்டக்குதிரை நெடுந்தீவில் நிற்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் கைவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. பழைய குதிரை லாயத்தின் கற்தூண்களை இன்றும் அங்கே காணலாம்.

குதிரை வாங்க நினைக்கும் எவரும் குறிகட்டுவானில் படகேறி ஒரு நாள் அங்கே போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நான் போனபோது கவனித்தவை நான்கு. அவை தனியே நிற்பதில்லை, கூட்டமாகவே நின்றன. நாள் முழுவதும் தலையைக் குனிந்து கட்டைப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தன. மேய்ந்தபடியே நடந்துகொண்டிருந்தன. தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றியே அவற்றின் நாள் அமைந்திருந்தது. கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் தண்ணீரில்லாமல் அந்தக் குதிரைகள் இறந்ததைச் செய்திகளில் வாசித்திருப்பீர்கள்.

துணை, இடைவிடாத புல், நடை, தண்ணீர் ஆகிய இந்த நான்கையும் நெடுந்தீவில் நிலம் கொடுக்கிறது. வளவுக்குள் கொண்டுவந்து கட்டினால் நான்கையும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

நெடுந்தீவுக் குதிரையைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அவை மேயும் பகுதி 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவிலிருந்து விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். மனிதக் கை பழகாத குதிரை, புதிதாக வளர்ப்பவருக்கு ஆபத்தானதும்கூட.

வாங்குவதற்கு முன்

முதல் குதிரை இளம் குட்டியாக இருக்கக்கூடாது. பிள்ளையும் குட்டியும் சேர்ந்து வளரட்டும் என்பது கேட்க அழகாக இருக்கும். பழக்கமில்லாத விலங்கும் அனுபவமில்லாத மனிதரும் சேர்ந்தால் இருவரில் ஒருவருக்குக் காயம் நிச்சயம். 8 முதல் 15 வயதுக்கு இடைப்பட்ட, நன்கு பழக்கப்பட்ட பெட்டைக் குதிரை அல்லது விதை நீக்கிய ஆண் குதிரை பொருத்தமானது. விதை நீக்காத ஆண் குதிரை புதியவருக்கு வேண்டாம்.

விற்பவர் ஏற்கெனவே கடிவாளம் போட்டுத் தயாராக நிறுத்திய குதிரையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அது நிற்கும் இடத்துக்குப் போங்கள். அதைப் பிடிப்பதையும், நான்கு கால்களையும் தூக்கிக் காட்டுவதையும், கடினமான தரையில் நேராக நடத்தி ஓட்டுவதையும் பாருங்கள். நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடினால் முன்காலில் நோவு இருக்கலாம். வயதைச் சொல்லில் நம்பாமல் பல்லைப் பார்த்து மதிப்பிட வைத்தியர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற குதிரை மலிவாகக் கிடைக்கலாம். அது மட்டக்குதிரை அல்ல. வேகத்துக்காகப் பழக்கப்பட்ட விலங்கு அது, பிள்ளைக்கு உரியதல்ல.

வைத்தியரை முன்கூட்டியே தேடுங்கள். உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், குதிரை பார்த்த அனுபவம் உண்டா, இரவில் அழைத்தால் யார் வருவார், குதிரைக்குரிய மருந்தை எங்கே எடுப்பது என்று கேளுங்கள். வடக்கு, கிழக்கில் வைத்தியர்களின் அன்றாட வேலை மாடு, ஆடு, கோழியுடன். சிக்கலான நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை வரை போகவேண்டி வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் தூரத்தையும் வாகனக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

துணையையும் கணக்கில் எடுங்கள். தனியே கட்டப்பட்ட குதிரை பதற்றத்தில் மரத்தைக் கடிக்கும், ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே நிற்கும். இன்னொரு குதிரை அல்லது நோயற்ற கழுதை சிறந்த துணை. அதற்கு வழியில்லாவிட்டால் ஆடு, மாடு கண்ணில் படும் இடத்திலாவது அது நிற்கவேண்டும்.

தீன்: கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும்

மாடு புல்லை அவசரமாக மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும். அதன் நான்கு அறை வயிற்றில் நுண்ணுயிர்கள் முதலில் வேலை செய்கின்றன. குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சிறியது. நார் செரிப்பது பின்குடலில். அசைபோடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கும். அதனால் காலையிலும் மாலையிலும் மட்டும் தீன் வைக்கும் மாட்டுக் கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. நான்கைந்து மணித்தியாலங்களுக்கு மேல் வாய் சும்மா இருக்கக்கூடாது.

அளவு எவ்வளவு? உலர்ந்த நிறையில் கணக்கிட்டால் உடல் நிறையின் 2 சதவீதம் அளவு புல் அல்லது உலர்புல். 200 கிலோ மட்டக்குதிரைக்கு 4 கிலோ உலர்புல். பச்சைப் புல்லில் முக்காற் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அது ஏறத்தாழ 18 கிலோ பச்சைப் புல்லாகும். மேய்ச்சலை நம்புவதானால் ஒரு குதிரைக்கு ஒரு ஏக்கர், அதாவது 16 பரப்பு நல்ல புல் நிலம் என்பது பொதுக் கணக்கு. சோளகக் காற்றில் நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் 16 பரப்பும் போதாது, வெட்டித்தான் போடவேண்டும்.

நிறை தெரியாவிட்டால் அளவு நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் பிரியுங்கள். சுற்றளவு 138, நீளம் 125 என்றால் நிறை ஏறத்தாழ 200 கிலோ. மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் இந்த எண் வேண்டும்.

வேலை செய்யாத மட்டக்குதிரைக்குத் தானியம் பெரும்பாலும் தேவையே இல்லை. குறைந்த புல்லில் பிழைக்கும் உடல் அது. செல்லமாகக் கொடுக்கும் பாண், சோறு, பொங்கல், இனிப்பு எல்லாம் கழுத்தின் மேற்புறத்தில் கொழுப்பாக ஏறும். பின்னர் குளம்புக்குள் அழற்சி வரும். மாரி தொடங்கி இளம் புல் தளதளவென்று முளைக்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் இந்த ஆபத்து உண்டு. அப்போது மேய்ச்சல் நேரத்தைக் குறைத்து, முற்றிய புல்லைக் கலந்து கொடுங்கள். எந்தப் புதிய தீனையும் 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகப் பழக்குங்கள்.

மணற்பாங்கான கரையோரக் கிராமங்களில் தீனை நிலத்தில் போடாதீர்கள். புல்லோடு சேர்ந்து போகும் மணல் குடலில் படிந்து கடும் வயிற்றுவலியைத் தரும். வாய் அகன்ற தொட்டியில் வையுங்கள். சந்தேகமென்றால் ஒரு பிடி சாணத்தைத் தெளிந்த நீருள்ள போத்தலில் கரைத்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாட்டுக்குச் சரி, குதிரைக்கு ஆபத்து

இந்தப் பட்டியலை வெட்டிக் கொட்டிலில் ஒட்டி வைக்கலாம்.

- மாட்டுத் தீவனம், கோழித் தீவனம்: சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் பயன்படும் அந்த மருந்து குதிரையின் இதயத்தசையைச் சிதைத்துக் கொல்லும். பையில் என்ன எழுதியிருந்தாலும் வேறு விலங்குக்கான தீவனத்தைக் கொடுக்காதீர்கள்.
- தவிடு: பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. தினமும் தவிட்டை முக்கியத் தீனாக வைத்தால் உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும். முக எலும்பு வீங்கும், கால் நொண்டும்.
- கோ-3 புல்: பால்மாட்டுக்கு நாங்கள் நடும் இந்தப் புல்லில் உள்ள ஒக்சலேற்று, குதிரைக்குக் கல்சியம் சேர்வதைத் தடுக்கும். அதை மட்டுமே நம்பாமல் வேறு புற்களோடு கலந்து கொடுங்கள். கல்சியம் சேர்ந்த கனியுப்புக் கலவை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.
- இபில் இபில், கிளிசரிடியா குழை: ஆடு விரும்பித் தின்னும். இபில் இபில் தின்ற குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பு பழுதாகும். கிளிசரிடியாவும் குதிரைக்கு நஞ்சு.
- மரவள்ளி இலை, ஆமணக்கு, அலரி: எல்லா விலங்குக்கும் ஆபத்து. பூவுக்காக வீட்டு வாசலிலும் கோயில் வீதியிலும் நிற்கும் அலரியில் சில இலைகளே குதிரையைக் கொல்லப் போதும். காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும்.
- அமிட்ராஸ் உண்ணி மருந்து: மாட்டுக்கு அடிப்பதைக் குதிரைக்கு அடித்தால் குடல் இயக்கம் நின்றுபோகும்.
- போத்தலில் மருந்து பருக்குதல்: மாட்டுக்குத் தலையைத் தூக்கி எண்ணெயோ கசாயமோ பருக்குவதுபோலக் குதிரைக்குச் செய்தால் அது நுரையீரலுக்குள் போகும்.
- வைக்கோல்: படுக்கைக்குப் போடலாம். அதையே முழுத் தீனாகக் கொடுத்தால் குடல் அடைக்கும், சத்தும் போதாது.
- களைநாசினி அடித்த வரம்புப் புல், பூஞ்சணம் பிடித்த புல், வெட்டிக் குவித்துச் சூடேறிய புல்: மூன்றும் வேண்டாம்.

தண்ணீர், நிழல், வேலி

200 கிலோ மட்டக்குதிரை நாளொன்றுக்கு 10 முதல் 20 லீற்றர் குடிக்கும். வெயிலும் வேலையும் உலர்தீனும் சேர்ந்தால் அதற்கு மேலும் வேண்டும். எப்போதும் 40 லீற்றர் சுத்தமான தண்ணீர் அதன் வாய்க்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கோடையில் உவராகும் கிணறு உங்களுடையது என்றால் குதிரை குடிக்கிறதா என்று கவனியுங்கள். குடிக்க மறுத்தால் நல்ல தண்ணீர் கொண்டுவரத்தான் வேண்டும். பக்கத்தில் நக்குவதற்கு உப்புக் கட்டியொன்று வையுங்கள். வியர்வையில் இழக்கும் உப்பு அதனால் ஈடாகும்.

கிடுகு வேய்ந்த, பக்கங்கள் திறந்த கொட்டில் எங்கள் காலநிலைக்கு மிகவும் உகந்தது. ஒரு மட்டக்குதிரைக்கு 3 மீற்றருக்கு 3 மீற்றர் இடமாவது வேண்டும். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்கவேண்டும், அதற்குக் காய்ந்த தரை வேண்டும். தாழ்வான தகரக் கூரை வெயிலில் அவிக்கும், விளிம்பு வெட்டும்.

எங்கள் பகுதிகளில் வேலி என்றாலே முட்கம்பிதான். மாட்டின் தடித்த தோலுக்கு அது கீறல். பயந்தால் ஓடும் விலங்கான குதிரைக்கோ அது காலை அறுக்கும் கத்தி. மரச் சட்டம், பனைமட்டை வரிச்சு, முள்ளில்லாத கம்பியில் வெள்ளைத் துணி கட்டிய வேலி ஏதாவது போடுங்கள். காவலரண்கள் இருந்த காணிகளிலும் பற்றைகளிலும் பழைய முட்கம்பிச் சுருள்கள் இன்னும் கிடக்கின்றன. மேய விடுமுன் காணியை நடந்து பார்த்துப் பொறுக்குங்கள். கண்ணிவெடி அகற்றி முறையாக விடுவிக்கப்படாத நிலத்தின் பக்கமே போகவேண்டாம். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் கயிறு அறுத்த குதிரை எந்தப் பக்கமும் ஓடும்.

கட்டுவதும் வேறு. கழுத்தில் கயிறு, காலில் தளை, மூக்கணாங்கயிறு மூன்றும் குதிரைக்கு ஆகாது. முகத்தைச் சுற்றி வரும் தலைப்பட்டை போட்டு, இழுத்தவுடன் அவிழும் முடிச்சில், அதன் தோள் உயரத்தில் கட்டுங்கள். நீண்ட கயிற்றில் கட்டிவிட்டு ஆளில்லாமல் போகாதீர்கள். காலில் கயிறு சுற்றினால் மாடு நிற்கும். குதிரை பதறி இழுத்துக் காலை முறித்துக்கொள்ளும்.

குளம்பும் பல்லும்

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். நெடுந்தீவின் கல் நிலத்தில் நடந்தே அது தேய்கிறது. மணல் வளவில் தேயாது. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிச் சீராக்கவேண்டும். சவாரி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரையினது ஒற்றைக் குளம்பு. சரியும் கோணமும் வெட்டும் ஆழமும் வேறு. குதிரைக் குளம்பு வெட்டிப் பழகியவரிடமே கொடுங்கள். வளவில் நின்று மெதுவாக நடக்கும் மட்டக்குதிரைக்கு லாடம் தேவைப்படாது.

ஒவ்வொரு நாளும் நான்கு கால்களையும் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் சாணத்தையும் கிளறி எடுங்கள். வாடைக் காற்றோடு வரும் மாரியில் சேற்றிலேயே நின்றால் குளம்பின் அடி அழுகிக் கறுத்து நாறும். ஒரு மேடான காய்ந்த இடம் இருந்தால் பாதி நோய் தவிரும்.

குதிரையின் பல் வாழ்நாளின் பெரும்பகுதி வெளியே வந்துகொண்டேயிருக்கும். ஒழுங்காகத் தேயாவிட்டால் ஓரங்கள் கூராகிக் கன்னத்தை வெட்டும். தின்னும்போது பாதி மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுந்தால் பல்லைப் பார்க்கவேண்டும். வருடம் ஒருமுறை வைத்தியர் வாயைப் பரிசோதிக்கட்டும்.

ஊசியும் பூச்சியும்

ஏற்புவலிக்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரை முன்னிற்கிறது. அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கும். துருப்பிடித்த ஆணியில் குத்திய சிறு துளை போதும். முதல் இரண்டு ஊசிகளை 4 முதல் 6 வார இடைவெளியில் போட்டு, பின்னர் வைத்தியர் சொல்லும் காலத்தில் மீண்டும் போடவேண்டும். பராமரிப்பவரும் தன் ஏற்பு ஊசியைப் புதுப்பித்துக்கொள்ளட்டும். தெருநாய்கள் திரியும் ஊர்களில் விசர்நாய்க்கடி ஊசியும் அவசியம்.

பூச்சி மருந்தைக் கண்டபடி கொடுக்காதீர்கள். சாணத்தைப் பரிசோதித்து, நிறைக்கு ஏற்ற அளவில் வைத்தியர் தருவதைக் கொடுங்கள். வாரம் இருமுறையாவது மேய்ச்சல் நிலத்திலிருந்து சாணத்தை அள்ளுவது மருந்தின் தேவையைக் குறைக்கும். மக்கிய சாணம் தோட்டத்துக்கு நல்ல பசளை. திறந்த காயத்தில் ஈ புழு வைக்கும் என்பதால் சிறு கீறலையும் அன்றே கழுவி மூடுங்கள்.

வருத்தம் தெரியும் விதம்

பிற விலங்குக்கு இரையாகும் விலங்கு தன் நோவை மறைக்கும். அதனால் நலமாக இருக்கும்போதே அதன் அளவுகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஓய்வில் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36 முதல் 48. மூச்சு 8 முதல் 16. சாணம் நாளுக்கு 8 முதல் 10 தடவை. கடும் வெயிலில் மூச்சு சற்றுக் கூடலாம்.

குதிரைகளைக் கொல்லும் முக்கிய காரணங்களில் ஒன்று வயிற்றுவலி. தீனை விட்டுவிடும். நிலத்தைக் காலால் பிறாண்டும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். வியர்க்கும். படுத்து எழும்பும், உருளும். சாணம் நின்றிருக்கும். இவற்றில் இரண்டைக் கண்டாலே தீனை அகற்றிவிட்டு வைத்தியரை அழையுங்கள். விடியட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம். அவர் வரும்வரை, அது அமைதியாக நின்றால் நிற்கவிடுங்கள். உருள முயன்றால் மெதுவாக நடத்துங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் வாயில் ஊற்றவேண்டாம்.

முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னங்காலில் பாரத்தைப் போட்டு நின்று, நடக்க மறுத்து, குளம்பு சூடாக இருந்தால் அது குளம்பு அழற்சி. இதுவும் அன்றே வைத்தியரை அழைக்கவேண்டிய நோய்.

சுமையும் கூட்டமும்

மட்டக்குதிரை தாங்கக்கூடிய சுமை, சேணத்தையும் சேர்த்து, உடல் நிறையின் 20 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது. 200 கிலோ குதிரைக்கு அது 40 கிலோ. சேணத்தைக் கழித்தால் பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் நிறை. கடற்கரையில் காசு கொடுத்து ஏறும் பெரியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சவாரியை வருமானமாக நினைப்பவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்கவேண்டும். கொதிக்கும் மதிய வெயிலில் சவாரி இல்லை, மாரியில் ஆட்கள் இல்லை, நொண்டினால் வாரக்கணக்கில் ஓய்வு. கடன் தவணைக்கு அந்த ஓய்வு இல்லை. கடன் எடுத்து வாங்க யோசித்த இளைஞருக்கும் நான் சொன்னது இதைத்தான்.

கலியாண ஊர்வலமும் அப்படியே. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிவரப் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. பறை, மேளம், வெடி, படம் எடுக்கும் வெளிச்சம், பின்னால் நெருங்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் அது ஓடப் பார்க்கும், இல்லாவிட்டால் உதைக்கும். வெடிச் சத்தத்துக்கு உடல் எப்படித் துள்ளும் என்று எங்களில் பலருக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் வாணம் விடும் இரவில் குதிரையைப் பழகிய கொட்டிலில், துணையோடு, ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று விதிகள்: பின்னால் போகாதே, பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போ. கயிற்றைக் கையில் சுற்றாதே. தலைக்கவசம் இல்லாமல், பெரியவர் இல்லாமல் ஏறாதே.

வேலைப் பட்டியல்

- தினமும்: தண்ணீர் மாற்றுதல், தீன், குளம்பு கிளறுதல், உடம்பைத் துலக்கிக் காயம் பார்த்தல், சாணம் அள்ளுதல், நடை.
- வாரந்தோறும்: வேலி சுற்றிப் பார்த்தல், தொட்டி தேய்த்தல், உண்ணி தேடுதல்.
- மாதந்தோறும்: நிறை அளந்து எழுதுதல்.
- 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை: குளம்பு வெட்டுதல்.
- வருடந்தோறும்: பல், ஊசி, சாணப் பரிசோதனை.

யாரிடம் விட்டுச் செல்வீர்கள்?

வன்னியில் இடம்பெயர்ந்தபோது மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு நடந்தவர்கள் இந்தக் கட்டுரையை வாசிப்பீர்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. விலங்கு தானாகப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்துவிட்டதே செய்யக்கூடிய கடைசி நல்ல காரியமாக இருந்தது. இன்று வேறு விதமாக ஊரை விட்டுப் போகிறோம். விசா வருகிறது, ஒரு மாதத்தில் வீடு பூட்டப்படுகிறது. மாட்டை வாங்கப் பக்கத்து வீட்டார் இருப்பார்கள். குதிரையை வாங்க யார் இருக்கிறார்? நுவரெலியா நகர வீதிகளில், உரிமையாளர்களுக்குத் தேவைப்படாமற் போன குதிரைகள் வாகனங்களுக்கு நடுவில் திரிவதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

ஆகவே வாங்கும் முன்னர் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாளில் தீன் வைப்பவரின் பெயர். நீங்கள் ஊரை விட்டுப் போனால் குதிரையைப் பொறுப்பெடுக்கச் சம்மதித்தவரின் பெயர். இரவில் வரக்கூடிய வைத்தியரின் தொலைபேசி இலக்கம். மூன்றும் நிரம்பினால் குதிரையைப் போய்ப் பாருங்கள். ஒன்று வெறுமையாக இருந்தாலும் காசைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போய்வாருங்கள். போகும்போது தண்ணீர்ப் போத்தலோடு போங்கள், வெறும் போத்தலை அங்கே எறியாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.